ஐந்து பேராசிரியர்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் இரண்டு படங்களும் கிடைத்தன. கல்லூரி இறுதியாண்டில் எடுத்த அந்த மங்கலான கறுப்பு வெள்ளைக் குழுப்படத்தை ஒரு மென்பொருளிடம் கொடுத்துத் தெளிவாக்கியதாகவும், பின்வரிசையில் நிற்கும் நம் இயற்பியல் பேராசிரியர் மட்டும் யாரோ அந்நியராக மாறிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். புருவமும் மூக்கும் அப்பழுக்கற்றவை. ஆனால் அவர் நம் பேராசிரியர் அல்லர். "இந்த முகத்தை இயந்திரம் எங்கிருந்து கொண்டுவந்தது?" என்ற உன் கேள்வி இரண்டு நாட்களாக என்னை விடவில்லை.

மூலப்படத்தில் அவர் முகம் 12 பிக்சல் அகலமும் 12 பிக்சல் உயரமுமே உள்ளது. அதாவது, அவரைப் பற்றி அந்தப் படம் வைத்திருக்கும் செய்தி மொத்தம் 144 எண்கள். மங்கலாக்கினால் இதே 144 எண்களைத் தரக்கூடிய தெளிவான முகங்கள் எண்ணற்றவை. அவற்றுள், தான் பயின்ற முகங்களோடு ஒத்துப்போகும் ஒன்றை மென்பொருள் எடுத்து வைத்துவிட்டது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கேட்காமல் செய்த ஊகம் என்பேன்.

இன்று படம் உருவாக்கும் முறைகளில் பெரும்பாலானவை நல்ல படத்தில் சிறிது சிறிதாக இரைச்சலை, அதாவது தாறுமாறான புள்ளிகளைக் கலந்து, கலந்த இரைச்சல் எது என்று கண்டறிய ஒரு நரம்பணு வலையமைப்பை (உதாரணங்களிலிருந்து கற்கும் கணினி நிரலை) பழக்குகின்றன. 2015-இல் முன்வைக்கப்பட்ட இந்த எண்ணம் 2020-க்குப் பிறகே பரவலாயிற்று. பழகி முடித்த வலையமைப்பிடம் வெறும் இரைச்சலைக் கொடுத்து, படிப்படியாக நீக்கச் சொன்னால், இறுதியில் ஒரு படம் மிஞ்சும். எது இரைச்சல் என்று சொல்வதற்கு, படம் என்பது எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஆகவே படிப்பதும் படைப்பதும் இங்கே ஒரே திறமைதான். உன் பேராசிரியருக்கு நேர்ந்ததும் இதனால்தான்.

வெவ்வேறு மூலங்கள் ஒரே பதிவைத் தந்துவிடும் இந்தச் சிக்கல் ஒலியிலும் உண்டு. குறுந்தகட்டில் ஒலி அலையின் அளவை நொடிக்கு 44,100 முறை குறித்து மாதிரிகள் எடுக்கிறார்கள். அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் உள்ளே நுழைந்தால், அது தாழ்ந்த அதிர்வெண்ணின் வேடத்தில் வந்து நிற்கும். பதிவான பிறகு வேடத்தைக் கலைக்க வழியில்லை என்பதால், பதிவதற்கு முன்பே அதை வடிகட்டிவிடுகிறார்கள்.

இதற்கு நேரெதிரான ஓர் உதாரணத்தை நீ அறிந்திருப்பாய். ஒரு பொருளை எல்லாக் கோணங்களிலும் ஊடுருவும் கோடுகள் ஒவ்வொன்றின் வழியிலும் உள்ளவற்றின் கூட்டுத்தொகைகள் தெரிந்தால், உள்ளே இருப்பதை முழுமையாக மீட்கலாம் என்று கணிதவியலாளர் யோஹான் ராடோன் 1917-இல் நிறுவினார். 1971-இல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தபோது, 180 கோணங்களில், கோணத்துக்கு 160 அளவீடுகள் வீதம், 28,800 அளவீடுகளை எடுத்தது. அவற்றைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டியிருந்ததோ 80-க்கு 80 கட்டத்தின் 6,400 எண்கள் மட்டுமே. இன்றைய கண்ணுக்கு அந்தப் படம் சொரசொரப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும், ஊகத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லாததால், உன் பளபளப்பான படத்தைவிட அதையே நான் நம்புவேன்.

அளவீடு போதாமல் ஊகத்தை நாடவேண்டிய இடங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2019 ஏப்ரலில் வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் அப்படிப்பட்டது. உலகெங்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில் இருந்த தொலைநோக்கிகளின் பதிவுகளிலிருந்து அதை மீட்க வேண்டியிருந்ததால், நான்கு குழுக்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் தனித்தனியே படத்தை உருவாக்கி, பிறகே ஒப்பிட்டன. நான்கிலும் வளையம் இருந்தது.

அந்த உத்தியை நானும் நம் படத்தில் முயன்றேன். தொடக்க இரைச்சலை மாற்றி மாற்றி, இங்குள்ள ஒரு மென்பொருளை ஐந்து முறை ஓட்டியதில் ஐந்து பேராசிரியர்கள் வந்தார்கள். ஒருவருக்கு மீசைகூட இருந்தது. ஐந்திலும் மாறாமல் நின்றவை இரண்டே: வெள்ளைச் சட்டையும், இடப்பக்கம் சற்றே சாய்ந்த தலையும். கேள்வியைக் காதில் வாங்கும்போது அவர் அப்படித்தான் சாய்ப்பார், நினைவிருக்கிறதா?

நீ ஸ்கேன் செய்தது சிறிய அச்சுப்படியைத்தான் என்று நினைக்கிறேன். நெகட்டிவ் உன் அண்ணனிடம் இன்னும் இருந்தால், அதை உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பு. மென்பொருள் எதிலும் போடாமல் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்