படியை மட்டும் தொடக்கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளாக மாறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடுதான் எடுத்தேன். நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். ஆனால், பழைமை கெடக்கூடாது என்று ஒரு படியைக்கூட மாற்றவில்லையாம். அதை உங்கள் நிருபர் பெருமையாக எழுதியிருந்த இடத்தில் நிறுத்தியவள், மேலே படிக்கவில்லை.

எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். போன தையில் அண்ணன் மகள் நிச்சயதார்த்தம் இப்படியொரு விடுதியில் நடந்தது. பெயர் வேண்டாம். முகப்புக்கு ஏற ஐந்து படி. நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள். பட்டுச்சேலை ஒருபக்கம் நழுவுகிறது, சம்பந்தி வீட்டார் திண்ணையில் நின்று பார்க்கிறார்கள். நிலைவாசலில் அரையடி உயர மரப்படி, அங்கே மறுபடியும் தூக்கினார்கள். வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியை, சாப்பிடும் இடமாக்கி, உயரமான ஸ்டூலும் அதற்கேற்ற மேஜையும் போட்டிருந்தார்கள். மேஜை விளிம்பு என் கழுத்துக்கு நேராக வந்தது. மடியில் தட்டை வைத்துத் தூணோரம் சாப்பிட்டேன். கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. அதனால் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்கவில்லை.

அதே வீட்டில் பர்மா தேக்குச் சட்டத்தைத் துளைத்து ஏசி குழாய் போகிறது. பின்கட்டில் நீச்சல் குளம் வெட்டியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் கெடாத பழைமை எனக்கு ஒரு சாய்தளம் போட்டால் கெட்டுவிடுமா?

இந்த வருத்தம் புதிதில்லை. பத்தாம் வகுப்பை மாடிக்கு மாற்றினார்கள். அம்மா என்னை இடுப்பில் சுமந்து ஏறினார். வீட்டுப் பத்திரம் பதியப் போனால் அலுவலகம் மாடியில். எழுத்தர் பேரேட்டோடு கீழே வந்தார், நல்ல மனிதர். வெயிலில், பைக்குகளுக்கு நடுவே கைரேகை வைத்தேன். எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் இரக்கப்பட்டுத்தான் என் வேலை நடக்கிறது.

இத்தனைக்கும் இந்த வீடுகளைப்போல எங்களுக்குத் தோதான வீடு கிடையாது. உள்ளே ஏறிவிட்டால் தாழ்வாரம் சுற்றிலும் ஒரே மட்டம், ஆத்தங்குடித் தரைக்கல்லில் நாற்காலி வழுக்கிக்கொண்டு ஓடும். தடையெல்லாம் வாசலில்தான். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். ஐந்து படிக்கு முப்பது அடி வரும். முகப்பில் அதற்கு இடமில்லை, சரி. ஆனால் இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. பக்கச் சந்தில் முப்பது அடி கிடைக்காதா? நிலைப்படிக்கு இருபுறமும் மரச்சரிவு வைத்தால் வேண்டாதபோது எடுத்துவிடலாம். முழங்கால் நுழையும்படி தாழ்வான மேஜைகள் சில, 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கழிப்பறைக் கதவு. அப்புறம், அந்தச் சரிவைச் சமையல்கட்டு வழியாக மட்டும் விடாதீர்கள். நாங்களும் விருந்தாளிகள்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக்கட்டடம் என்றே சொல்கிறது. ஏற்கெனவே உள்ள கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த 2017இலிருந்து ஐந்தாண்டு தந்தது. அதுவும் முடிந்துவிட்டது. சாய்தளம், கதவு அகலம் போன்ற அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விடக்கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதெல்லாம் நீங்கள் அறியாததல்ல. அறிந்தும் படியைப் பற்றிய அந்த வரியை அச்சேற்றினீர்களே என்பதுதான் என் மனக்குறை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் இதுபோன்ற விடுதிகளையும் உணவகங்களையும் பற்றி எழுதும்போது, அறை வாடகைக்குப் பக்கத்தில் வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு எத்தனை அகலம் என்பதையும் அச்சிடுங்கள். நிருபரோடு ஒரு அளவுநாடாவை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை