பாலூட்டியும் முலையூட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த விலங்கியல் கலைச்சொற்கள் பற்றிய கட்டுரையில், ‘பாலூட்டி’ என்பது ‘மம்மேலியா’ என்ற லத்தீன் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு என்று எழுதப்பட்டிருந்தது. அது சரியன்று. லத்தீனில் ‘மம்மா’ என்றால் முலை. பாலுக்கு அம்மொழியில் ‘லாக்’ என்று வேறு சொல் உண்டு. மூலத்துக்கு நெருக்கமானது, கட்டுரையாளர் ‘பழைய வழக்கு’ என்று ஒதுக்கிய, இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘முலையூட்டி’ என்ற சொல்தான்.

இப்பெயரை இட்ட சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ், 1735-இல் வெளியிட்ட தம் வகைப்பாட்டு நூலின் முதற்பதிப்பில் இவ்விலங்குகளை ‘குவாட்ருபீடியா’, அதாவது நாற்கால் உடையவை என்றே அழைத்தார். இரு காலில் நடக்கும் மனிதனை அவ்வகுப்பில் சேர்த்ததற்குக் கண்டனம் எழுந்தது. காலே இல்லாத திமிங்கிலமோ மீன்களோடு கிடந்தது. 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் அதையும் இவ்வகுப்புக்குக் கொண்டுவந்து, ‘மம்மேலியா’ என்ற புதுப்பெயரைச் சூட்டினார். இருபாலுக்கும் பொதுவான அடையாளங்கள் வேறு இருக்க, பெண்பாலில் மட்டுமே தொழிற்படும் ஓர் உறுப்பை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வியை எழுப்பிய அறிவியல் வரலாற்றாளர் லோண்டா ஷீபிங்கர், மருத்துவருமான லின்னேயஸ் 1752-இல் குழந்தைகளைப் பெற்ற தாயல்லாத செவிலித்தாயரிடம் பாலுண்ணக் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டித்து எழுதியதை இதனோடு சேர்த்துக் காட்டுகிறார். பெயரிடுவதிலும் அவரவர் காலத்துக் கவலை நுழைந்துவிடுகிறது போலும்.

ஆயினும் நம் பாடநூல்கள் ‘பாலூட்டி’யைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. 1799-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாகி, முட்டையிடுவது 1884-இல் உறுதிசெய்யப்பட்ட பிளாட்டிபஸ் என்ற ஆஸ்திரேலிய விலங்கும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே; ஆனால் அதற்கு முலைக்காம்பே கிடையாது. வயிற்றுத் தோலில் கசியும் பாலைத்தான் குஞ்சுகள் பருகுகின்றன. அதன்முன் லத்தீன் பெயர் சற்றுத் தடுமாறும். ‘உண்’ என்பதன் பிறவினையான ‘ஊட்டு’ என்பதைக் கொண்ட நம் சொல், உறுப்பைச் சொல்லாமல் செயலைச் சொல்வதால் தடுமாறாது. (புறா தன் தீனிப்பையில் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுவதையும் ‘பால்’ என்பார்கள்; அந்த வழக்கை இங்கே இழுக்கவில்லை.) நேர் இணை ஒன்று வேண்டுமெனில், பாலூட்டும் விலங்கு என்றே பொருள்படும் ‘ஸாய்கெடீர்’ என்ற ஜெர்மன் சொல்லைக் கட்டுரையாளர் காட்டியிருக்கலாம்.

இத்திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலி