'என்னை வந்து பார்' என்று எழுதும் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள வகுப்பாசிரியர்களே,

விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் 'என்னை வந்து பார்' என்று எழுதுவது உங்கள் பழக்கம். பாராட்டவும் அப்படித்தான், கண்டிக்கவும் அப்படித்தான். அந்த மூன்று சொற்களால் இரண்டு இரவு தூங்காத பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லத்தான் ஆசிரியை கூப்பிட்டிருந்தார். அவளோ பள்ளியை விட்டே அனுப்பப்போகிறார்கள் என்று புத்தகங்களை அடுக்கிக் கட்டி வைத்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வாரங்களாகவே அவள் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் சேரவில்லை.

1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் தரும் மன அழுத்தத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50. பயனுள்ள வேலைதான்; ஆனால் ஒரு நிகழ்வுக்கு எல்லோருக்கும் ஒரே மதிப்பெண். நாமும் மனசுக்குள் அப்படியொரு பட்டியல் வைத்திருக்கிறோம். தேர்வில் தோற்றால் பெரிது, தோழி பேசாமல் போனால் சிறிது. "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்பது அதிலிருந்து வருவதுதான்.

மனச்சோர்வில் தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் எண்ணம் சேர்ந்தே கறுக்கிறது என்றார் மனநல மருத்துவர் ஆரன் பெக். நினைவும் கட்சி மாறிவிடும். சந்தோஷமாக இருந்த ஒரு நாளைச் சொல் என்றால், "சின்ன வயசுல நல்லாத்தான் இருந்தேன்" என்று பொத்தாம்பொதுவாக நிறுத்திக்கொள்வார்கள். இன்ன நாள், இன்ன இடம் என்று வராது. மறைக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

10 முதல் 19 வயதுக்குள் ஏழில் ஒருவருக்கு மனநலக் கோளாறு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் 'மனசு சரியில்லை' கணக்கில் எழுதிவிடவும் கூடாது. சக மாணவர்கள் அடிக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், முதலில் அதை விசாரியுங்கள்.

'வந்து பார்' என்பதற்குப் பக்கத்தில் எதற்கு என்றும் இரண்டு சொல் எழுதுங்கள். "என்ன நடந்தது?" என்று கேட்ட பிறகு, "நீ அதை என்னன்னு எடுத்துக்கிட்ட?" என்றும் கேளுங்கள். உடனே திருத்தப் புறப்படாதீர்கள். படிப்பை நிறுத்துகிறேன் என்று யாராவது கடிதம் நீட்டினால், அன்றைக்கே கையெழுத்துப் போடாமல் ஆலோசகர்களான எங்களிடம் அனுப்புங்கள்.

அந்தப் பெண் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் தேதி முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு மாணவர் ஆலோசகர்