கொக்கட்டிச்சோலை அக்காவுக்கும் எங்களைத் தாங்கிய எல்லோருக்கும்

அம்மாவை அடக்கம் செய்து இன்றைக்கு ஒன்பது நாள். என்ன நடந்தது என்பது இதை வாசிக்கிற பலருக்கும் தெரியும், அதைத் திரும்பவும் எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிட வேண்டும்.

இரத்தம் கொடுத்த தம்பிமார், அம்மாவைத் தங்கள் தாயைப் போலப் பார்த்த தாதியர், சிற்றூழியர்கள், கொட்டுகிற மழைக்குள் வந்து நோயில் பூசுதல் கொடுத்த சுவாமி, விடியும்வரை வாகனத்தோடு வாசலில் காத்து நின்ற காத்தான்குடி நானா, எங்கள் வீட்டு அடுப்பை மூன்று நேரமும் பார்த்துக்கொண்ட அயலவர்கள், சேமக்காலையில் புல் செருக்கிக் குழி வெட்டிய பங்கு இளைஞர்கள், எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஒருவருடைய வீடுதான் எனக்குத் தெரியாது. பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் தன் மாமியைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா, கொக்கட்டிச்சோலைப் பக்கம், தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடுகிறவர். அவருக்காகத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அம்மா தன் சாவைப் பற்றிப் பேச வந்தார், ஒரு தடவை இல்லை, பல தடவை. "நான் போன பிறகு" என்று தொடங்குவார், "அப்பிடிச் சொல்லாதீங்கம்மா, சுகமாகி வீட்ட போவம்" என்று நாங்கள் வாயை அடைத்துவிடுவோம். நான் மறைக்கல்வி படிப்பிக்கிறவள், ஞாயிறு தவறாமல் 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்று சொல்கிறவள். அந்தக் கட்டிலடியில் நாங்கள் சொன்ன ஒவ்வொரு செபமாலையிலும் 'எங்கள் இறப்பின் வேளையிலும்' என்பது 53 தடவை வருகிறது. அத்தனை தடவையும் சொல்லிவிட்டு, அம்மா அதே சொல்லை எடுத்தால் எனக்குக் கேட்கப் பொறுக்காது.

ஒரு இரவு கதிரையிலேயே அயர்ந்துவிட்டேன். கண் விழித்தபோது அந்த அக்கா அம்மாவின் விறைத்த காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்கிறார், "பயமா இரிக்கா டீச்சர்?"

எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"ஓம் புள்ள" என்றார் அம்மா. மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கிற 'பாதை' என்கிற மிதவையில் ஏறி அக்கரைக்குப் படிப்பிக்கப் போய்வந்த காலத்தைச் சொன்னார். பாலம் 2014இல்தானே திறந்தது, அதற்கு முன் பாதைதான். பின்னேரம் திரும்பி வரும்போது இருட்டிவிட்டால் சுற்றிவரத் தண்ணி மட்டுந்தான், இப்பவும் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

"இறங்குற கரையில ஆள் நிப்பாங்களா டீச்சர்?"

"எங்கட இவர் சைக்கிளோட நிப்பார். இப்பவும் நிப்பார். அவருக்கு முன்னால யேசு நிப்பார்."

நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். உங்கட சாமி செத்தவரை எழுப்பினதாமே, அந்தக் கதையைச் சொல்லுங்க என்று அக்கா கேட்டார். லாசர் கல்லறையில் நாலு நாள் கிடந்தது, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று மார்த்தா யேசுவைக் கேட்டது, அவர் அழுதது, எல்லாவற்றையும் அம்மா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"எழுப்பத்தானே போறார், பிறகென்னத்துக்கு அழுதவர்?"

"சாவு நோகும் புள்ள. அவருக்கும் நொந்திரிக்கு."

"அப்ப லாசர் திரும்பவும் செத்திருப்பாரே?"

அம்மா சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். "ஓம், லாசர் எழும்பினது இந்த உயிருக்குத்தான். யேசு எழும்பினது திரும்பிச் சாகாத உயிருக்கு. எனக்கு வேணும் எண்டு கேக்கிறது அதைத்தான்."

யோவான் 11ஆம் அதிகாரத்தை நான் எத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், இந்த இரண்டு கேள்வியும் எனக்கு வந்ததில்லை. அம்மாவும் அந்தப் பதிலை எனக்குச் சொல்லவில்லை, கேட்டவருக்குத்தான் சொன்னார். 2004 மார்கழியில் கடல் எத்தனை பேரை ஒரு வார்த்தை பேச விடாமல் கொண்டுபோனது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்துக்குப் போன பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. எங்களுக்கு மூன்று கிழமை கிடைத்தது, அதை நான் வீணாக்கப் பார்த்தேன். இனி எந்த நோயாளியின் கட்டிலடியிலும் 'அப்படிச் சொல்லாதீங்க' என்று சொல்ல மாட்டேன். இது ஆண்டவருக்கு நான் கொடுத்த வாக்கு.

இரண்டு நாளில் அக்காவின் மாமிக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிவிட்டார்கள், அக்காவும் போய்விட்டார். அம்மாவுக்குப் பயம் முழுதாகப் போனதென்று சொல்ல மாட்டேன், இரவில் கையை இறுக்கிப் பிடிப்பார். ஆனால் பேசினார், நாங்களும் கேட்டோம். அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார், கடையில் கொடுக்க வேண்டிய காசைச் சொன்னார், இறந்தோரை நினைக்கிற கார்த்திகை 2ஆம் திகதி இரண்டு கல்லறையிலும் மெழுகுதிரி கொளுத்தச் சொன்னார்.

அக்கா, கடைசியாகச் சொன்னது உங்களைப் பற்றி. "காலத் தேய்ச்சுவிட்ட அந்தப் புள்ளைக்கு என்ட பச்சைச் சேலையைக் குடு." கழுவி மடித்து வைத்திருக்கிறேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் யாராவது இதை வாசித்தால், மாமியோடு ஆஸ்பத்திரியில் நின்ற அக்காவிடம் சொல்லுங்கள், டீச்சருடைய மகள் தேடுகிறாள் என்று. 31ஆம் நாள் பூசைக்கு வந்தால் நல்லது, முடியாவிட்டால் நான் பாலத்தால் வந்து தருகிறேன்.