கூடிப் பாட வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மார்கழியில் கும்பகோணத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் எங்கள் பாட்டு வகுப்புக் குழந்தைகள் கோஷ்டியாகப் பாடினார்கள். பாராட்டெல்லாம் அவர்களுக்கும் எனக்குமே வந்தது. உண்மையில் அது சேர வேண்டியவர்கள் வேறு சிலரும் உண்டு.

முதலில் மிருதங்க வித்வான் ஐயா. தனியாகப் பாடுகிற பிள்ளைக்குத் தாளம் ஓடினால் தெரியாது. பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்தால்தான் தெரியும். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தை விரல்விட்டு எண்ணும்போது எல்லாரும் சுண்டுவிரலில் இருக்க, ஒருத்தி மட்டும் மோதிர விரலுக்குப் போயிருப்பாள். ஐயா பாட்டையே நிறுத்தினார். தாளம் மட்டும் போடச் சொல்லி, சர்வலகு என்னும் சீரான எளிய நடையில் தொடங்கி, முத்தாய்ப்பாக வரும் கோர்வைக் கணக்கு வரை வாசித்துக் கைகளை நிலைப்படுத்தினார். தாளம் தொடங்கியபின் அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டைக்கூட, நான் தலையசைக்காமலே ஒருநாள் எல்லாரும் ஒன்றாக எடுத்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தம்புரா தந்த மாமிக்கு எப்படி நன்றி சொல்வது! சுருதிப் பெட்டியை மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகள் இவர்கள். மாமி, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின்மேல், தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலை இம்மியளவு நகர்த்தினார். அதுவரை மந்தமாக இருந்த தந்தி கார்வையோடு ரீங்கரித்தது. வாயாடிகள் அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். அதன்பின் யாரும் கத்திப் பாடவில்லை, பக்கத்துக் குரலைக் கேட்டுப் பாடினார்கள். கூட்டு வகுப்பே அதற்காகத்தானே!

குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதி எட்டவில்லை. அவர்களை ஒதுக்க மனமில்லாமல் ஒருவனைத் தம்புரா மீட்டவும் மற்றவனை, தாளச் சொற்களான ஜதிகளை வாயால் ஒலிக்கும் கொன்னக்கோல் சொல்லவும் வைத்தேன். "என் பிள்ளை ஏன் பாடவில்லை?" என்று கேட்காமல், வீட்டிலும் ஜதி சொல்லிப் பழக்கிய பெற்றோருக்குத் தனி வணக்கம்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தார், காசு வாங்க மறுத்த மைக்செட் தம்பி, பொங்கலும் சுண்டலும் செய்த அம்மாக்கள், எல்லாருக்கும் நன்றி.

குழந்தைகளுக்கு இப்போது திருவையாற்று ஆசை. கர்நாடக இசை மேதை தியாகராஜர் 1847இல் அங்கே சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி திதியில், அவருடைய பஞ்சரத்னம் என்னும் ஐந்து கீர்த்தனைகளைப் பாடும் கோஷ்டியில் ஒருநாள் உட்கார வேண்டுமாம். தம் பொருளைக் கொண்டு அவருக்குச் சமாதிக் கோயில் எழுப்பி, பெண்களும் அங்கே பாட வழிசெய்தவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். என் வகுப்பில் பெண் பிள்ளைகளே அதிகம் என்பதால் அந்த அம்மையாரையும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஐந்து கீர்த்தனைகளும் ஆதி தாளம்தான். தையில் நாட்டை ராகக் கீர்த்தனையிலிருந்து தொடங்குகிறோம். ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
பாட்டு டீச்சர்