ஆறாத வாய்ப்புண் நோயாளரைத் தாமதமின்றித் தோல் கிளினிக்குக்கு அனுப்பக் கோரும் மனு

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை,
மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

பட்டிப்பளைப் பிரதேசத்தில் வசிக்கும் நான், பெம்பிகஸ் வல்காரிஸ் என்னும் கொப்புள நோயால் துன்புறும் தாயின் மகள் என்ற வகையில் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கின்றேன்.

அம்மாவுக்கு முதலில் வந்தது கொப்புளம் அல்ல, வாய்ப்புண். கன்னத்தின் உட்புறமும் முரசும் தோலுரிந்து சிவந்திருந்ததால், ஆறவைத்த கஞ்சியைக்கூடக் கரண்டி நுனியால்தான் ஊட்டினோம். ஐந்து மாதங்களாக விற்றமின் குளிசையும் பூசுமருந்துமே கிடைத்தன. பின்னர் முதுகில் கொப்புளங்கள் எழும்பியபோது, அம்மாள் வந்திருக்கின்றாள் என்று அயலவர் வேப்பிலை கொண்டுவந்ததில் மேலும் இரண்டு வாரங்கள் கழிந்தன. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. வைத்தியசாலையிலேயே பிடிபடாத நோயை அவர்கள் எப்படி அறிவார்கள்? தொட்டதும் உடையும் அக்கொப்புளங்களால் காலையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். உப்புநீரில் நனைத்து நனைத்துத்தான் கழற்றுவோம்.

இந்நோயில், தோலினதும் வாயினதும் கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோகிளீன் என்னும் புரதத்தை உடல் தானே உருவாக்கும் பிறபொருளெதிரிகள் தாக்குகின்றன. இது தொற்றாது. பெரும்பாலானோருக்கு வாயில் தொடங்கி, வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்னரே தோலில் தெரிவதால், இதனை முதலில் சந்தேகிக்கக்கூடியவர் பல் வைத்தியரே. ஆகவே 3 வாரங்கள் கடந்தும் ஆறாத வாய்ப்புண்ணோடு வருவோரைத் தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்புமாறு, பல் சிகிச்சை நிலையங்களுக்கும் பிரதேச வைத்தியசாலைகளுக்கும் சுற்றுநிருபம் ஒன்றை அனுப்பிவைக்குமாறு வேண்டுகின்றேன்.

அனுப்பினால் மட்டும் போதாது என்பதையும் பட்டறிந்தோம். தோலில் படிந்த பிறபொருளெதிரிகளைக் காட்டி நோயை உறுதிப்படுத்தும் இம்யூனோபுளோரசென்ஸ் பரிசோதனைக்குக் கொப்புளத்துக்கு அருகிலுள்ள தோலில் எடுக்கும் துண்டை, வழமையான பதப்படுத்தும் திரவமாகிய போர்மலினில் இடலாகாது. இப்பரிசோதனைக்கென்றே தோல்துண்டைக் கெடாமல் வைக்கும் மிச்செல் திரவத்தில் இடவேண்டும், அது இல்லையேல் சேலைனில் இட்டு 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்கவேண்டும். அம்மாவிடம் முதல்முறை எடுத்த துண்டு முழுவதும் போர்மலினில் போடப்பட்டதால், ஏற்கெனவே புண்ணாகிக் கிடந்த உடம்பில் மீண்டும் வெட்டவேண்டியதாயிற்று. ஒரு சிறு போத்தல் திரவம் இருந்திருந்தால் அந்த இரண்டாவது வெட்டு நேர்ந்திராது. தோல்துண்டு எடுக்கப்படும் வைத்தியசாலைகளில் அத்திரவம் எப்போதும் இருப்பதை உறுதிசெய்து தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கின்றேன்.

மேலும், இந்நோய்க்குக் கொடுக்கப்படும் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீரொய்ட் குளிசையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தானது என்பதால், அது கிராமத்து வைத்தியசாலைகளிலும் தீராமல் இருக்க ஆவன செய்யவேண்டும்.

அம்மாவின் கிளினிக் கொப்பியின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)