நடிகர்களைப் பற்றிக் கேட்டீர்களே: ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

நுவரெலியாவில் வெயிட்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் பிரியாவிடை நாளன்று ஹோட்டல் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "அங்கிள், எந்தெந்த நடிகர்களுக்குப் பரிமாறியிருக்கிறீர்கள்? சொல்லுங்கள்." மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள், நேரம் போய்விட்டது. சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

எனக்குப் பரிமாறக் கிடைத்த நடிகர்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. விருந்தினர் என்ன சாப்பிட்டார், யாரோடு உட்கார்ந்தார் என்பதை வெளியே பேசக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். ஓய்வு பெற்றதற்காக அதை நான் விட்டுவிட முடியாது. ஆனால் அந்த மேசைகளுக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியாது.

முதலில் எங்கள் தோட்டப் பாடசாலை மாஸ்டர். லயத்துப் பிள்ளை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்ததும் மலைக்கு வேலைக்குப் போய்விடும் என்று தாய் தகப்பனே நினைத்திருந்த காலம் அது. மாஸ்டர் மட்டும் பாடசாலை விட்ட பிறகும் என்னை நிறுத்திவைத்து, தோட்டத்து அதிகாரியான துரையின் பங்களாவிலிருந்து வரும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைச் சத்தம் போட்டு வாசிக்கச் செய்தார். நுவரெலியாவில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போன எனக்கு வெயிட்டரின் வெள்ளை மேலங்கி கிடைத்தது அந்த வாசிப்பினால்தான். மாஸ்டர் இன்று இல்லை. அவருடைய பிள்ளைகள் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்தது எங்கள் தலைமை ஸ்டூவர்ட். நான் அவரை அய்யே என்பேன், அவர் என்னை மல்லி என்பார்; சிங்களத்தில் அண்ணன், தம்பி. சிங்களவர், மாத்தறைப் பக்கத்து ஊர்க்காரர். கண்டிப்பென்றால் அப்படியொரு கண்டிப்பு. நகத்தைப் பார்ப்பார், சப்பாத்தைப் பார்ப்பார், விருந்தினர் கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது என்பார். அந்த மனிதர் என் பொருட்டுத் தம் சட்டத்தைத் தாமே மீறிய நாள் ஒன்று உண்டு.

சினிமாக்காரர்கள் மலைநாட்டுக்கு வருவது புதிதல்ல. 1957 இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்காகக் கித்துல்கலையில் களனி ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, அதைப் படத்துக்காகவே தகர்த்த கதையை எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். 1917 இல் எம்.ஜி.ஆர். பிறந்தது நாவலப்பிட்டியில் என்பதால் அவரை நாங்கள் இந்திய நடிகராக நினைத்ததே இல்லை. எங்கள் லயத்தில் சாமி படங்களோடு அவர் படமும் இருந்தது. எழுபதுகளில் இந்திய, இலங்கைக் கூட்டுத் தயாரிப்புகள் வந்தன. 1978 இல் வெளியான 'பைலட் பிரேம்நாத்' படத்தில் சிவாஜி கணேசனோடு நம் மாலினி பொன்சேகா நடித்தார். தமிழ்நாட்டிலிருந்து ஒரு படக்குழு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் தோட்டத்துச் சனம் மைல் கணக்கில் நடந்துவந்து ஹோட்டல் வேலிக்கு வெளியே நிற்கும். நான் வேலிக்கு உள்ளே நின்றேன் என்பதே அந்த வயதில் எனக்குப் பெரிய பெருமை.

அந்த நாட்களில் ஒருநாள் இரவு, தமிழ்நாட்டிலிருந்து வந்த மூத்த நடிகர் ஒருவர் தனியாகச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் அவருடைய ஒப்பனை உதவியாளர். நான் ரொட்டித் தட்டை வைத்தபோது நடிகர் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊர், தம்பி?" என்றார்.

"தலவாக்கலைப் பக்கம், ஐயா."

"அதற்கு முன்னே?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் என்று பாட்டி சொல்வார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும், முடியவில்லை. தோட்டத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் பெயர் எழுதியவர்களில் என் அத்தையும் ஒருவர். இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை அங்கே அனுப்புவதென்று போட்ட கையெழுத்தில் எங்கள் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் அழுகையோடு ஏற்றிவிட்டோம். அதனால்தானே அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமுக்குப் போனார் என்பது வரைக்கும் தெரியும். பிறகு ஒரு கடிதமும் இல்லை. அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் தங்கையை நினைத்து ஒரு சேலை எடுத்துவைப்பார். இவ்வளவையும் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன்.

நடிகர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உதவியாளரை அழைத்தார். "நீ குன்னூர்க்காரன்தானே? இந்தத் தம்பி சொல்வதை எழுதிக்கொள்" என்றார்.

அப்போதுதான் வாசலில் அய்யே நிற்பதைக் கண்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் நேராக வந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். நான் அத்தையின் பெயர், மாமாவின் பெயர், பிள்ளைகளின் வயது, எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள் என்பதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை என் மேசைகள் அத்தனைக்கும் அவரே பரிமாறினார். அவருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்திருக்க வேண்டும். பிறகு அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

பல மாதங்கள் கழித்து ஹோட்டல் முகவரிக்கு என் பெயருக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்காக நீலகிரியில் தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டங்களில் அந்த உதவியாளர் தெரிந்தவர்களை விட்டு விசாரித்திருக்கிறார். கோத்தகிரிப் பக்கத்து டிவிஷன் ஒன்றில் அத்தை இருந்தார். அங்கேயும் கொழுந்துதான் பறித்துக்கொண்டிருந்தார். மாமா காலமாகிவிட்டார் என்பதும் அந்த அட்டையில்தான் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுவதும் காட்டித் திரிந்தார்.

படங்களில் அந்த நடிகர் எத்தனையோ வசனம் பேசியிருக்கிறார். "அதற்கு முன்னே?" என்று கேட்டதை எங்கள் குடும்பம் மறக்காது.

1983 ஏப்ரலில் ஹாலிவுட்டின் இண்டியானா ஜோன்ஸ் படக்குழு கண்டிக்கு வந்தது. இந்தியாவில் படமெடுக்க அனுமதி கிடைக்காமல் இங்கே வந்தவர்கள். விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் தொங்கு பாலம் கட்டினார்கள். நம் டி. ஆர். நாணயக்கார கிராமத்து மூத்தவராக அதில் நடித்தார். கண்டி ஹோட்டல்களில் ஆள் போதாமல் எங்களில் சிலரை உதவிக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்கார நடிகர் ஒருவருக்கு இடியப்பமும் சொதியும் பிடித்துப்போய், காலையில் அதைத் தவிர வேறெதையும் கேட்க மாட்டார். அந்தச் சில வாரங்கள் சந்தோஷமானவை.

அதே ஆண்டு ஜூலையில் தமிழர்கள்மேல் நடந்த வன்முறையை நான் விவரித்து எழுத மாட்டேன். மலைநாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். என்னையும் வேறு இரண்டு தமிழ்ப் பையன்களையும் அய்யே மேசைவிரிப்புகள் வைக்கும் அறையில் பூட்டி வைத்தார். சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார். சமையலறை நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்), மடித்த விரிப்புகளுக்கு அடியில் சோற்றுத் தட்டை மறைத்துப் பின்படியால் கொண்டுவந்து தருவார். தேடி வந்தவர்களிடம், இங்கே தமிழர் யாரும் வேலை செய்யவில்லை என்று சலவைப் பகுதிச் சிங்கள அண்ணன் துணிந்து பொய் சொன்னார். எங்களைக் காப்பாற்றிய அந்த மூவரும் பின்னர் அதை ஓர் உதவி என்று ஏற்றுக்கொண்டதே இல்லை, நன்றி சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். அய்யே, நானா, அண்ணன்: நான் உயிரோடு இருப்பதும், என் மகளுக்குத் தகப்பன் இருப்பதும் உங்களால்.

அதன் பிறகு நெடுங்காலம் விருந்தினர் குறைவு. ஆள் வராத சாப்பாட்டு அறையில் தினமும் மேசை விரித்தோம், மாலையில் மடித்தோம். போர் முடிந்தும் தமிழ்நாட்டுத் திரைத்துறையினர் முன்போல வரவில்லை. 2010 இல் கொழும்பில் நடந்த இந்தியத் திரைப்பட விருது விழாவைத் தென்னிந்தியத் திரையுலகம் புறக்கணித்தது. அவர்களுடைய கோபத்துக்கு நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரல் சீசனிலும், "எந்த ஊர், தம்பி?" என்று யாராவது தமிழில் கேட்பார்களா என்று காத்திருந்ததும் உண்மை.

அந்தக் காலத்தில் வந்த சிங்கள நடிகை ஒருவருக்கும் நன்றி. தங்கியிருந்த ஒவ்வோர் இரவும், எங்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தம் தட்டில் கைவைப்பார்.

என் மனைவிக்கு நன்றி. விருந்து நடந்த பண்டிகை நாட்களிலெல்லாம் நான் அடுத்தவர் மேசையருகே நின்றேன், அவர் தனியாகப் பிள்ளைக்குச் சோறூட்டினார். பிரியாவிடைக்கு உழைத்த ஹோட்டல் பிள்ளைகளுக்கும் நன்றி. நீங்கள் கேட்டிராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு நன்றிக்கு மட்டும் இன்னும் முகவரி இல்லை. குன்னூர்க்கார ஒப்பனை உதவியாளரே, அந்த அஞ்சலட்டையில் நீங்கள் ஊரை எழுதினீர்கள், வீட்டு முகவரியை எழுதவில்லை. நான் படக் கம்பெனிக்கு எழுதிய பதில் திரும்பி வந்துவிட்டது. நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இதை வாசித்தால் கோத்தகிரிக்குப் போய்வாருங்கள். அத்தையின் மகன் அங்கே டீக்கடை வைத்திருக்கிறார். நுவரெலியா வெயிட்டர் சொன்னார் என்று சொன்னால் போதும், யார் வந்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற வெயிட்டர் ஒருவர்,
நுவரெலியா.